"நீங்க சும்மா இருங்க" என்பதை முதலில் நிறுத்துங்கள்: தனித்துப்போன அம்மா அப்பாவுக்கு நாம் செய்யக்கூடியவை

என் அம்மாவுக்கு மாதத்தில் ஒரு நாள் கிளினிக். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருக்கிறது. டொக்டர் எட்டு மணிக்குப் பிறகுதான் வருவார். ஆனால் அம்மா நாலரைக்கே எழும்பிக் குளித்து, நல்ல சாரி ஒன்றைக் கட்டி, கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு ஆறு மணிக்கு முன்பே கடப்படியில் ஓட்டோவுக்கு நிற்பார். இவ்வளவு நேரம் வாங்கில் காத்துக் கிடக்கிறாரே என்று ஒரு மாதம் பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு நம்பர் எடுத்து வைத்தேன். பத்து மணிக்குப் போய், அரை மணித்தியாலத்தில் மருந்தோடு வந்துவிட்டார். பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "மண்டூர் அக்கா எனக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்திருப்பா மனே. நான் வரல்ல எண்டு என்ன நினைச்சிருப்பா."

அந்த மண்டூர் அக்கா விடியற்காலையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து அங்கிருந்து கிளினிக்குக்கு வருபவர். இரண்டு பேரும் கிளினிக் வாங்கில் மட்டும்தான் சந்திப்பார்கள். அந்த மாதம் முழுவதும் என் அம்மாவை எதிர்பார்த்து இடம் பிடித்து வைத்த ஒரே ஆள் அவர்தான், அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம். பெற்றோரின் தனிமையைப் போக்குவது என்றால் ஆள் சேர்ப்பது, போன் எடுப்பது, சாமான் வாங்கிக் கொடுப்பது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு வேண்டியது, யாராவது ஒருவர் தங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அந்த எதிர்பார்ப்பை எப்படித் திரும்ப உண்டாக்குவது என்பது பற்றித்தான்.

எந்தத் தனிமை என்று முதலில் பாருங்கள்

தனியே இருப்பது வேறு, தனிமை வேறு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தனி வீட்டில் பத்துக் கோழியோடு இருந்துகொண்டு, வாறவன் போறவனையெல்லாம் கூப்பிட்டு வெற்றிலை வட்டாவை நீட்டும் ஆச்சிமார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிமை கிடையாது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ மூன்று மகள்மாரின் வீடு ஒரே வளவில் இருக்க, நடுவில் ஒரு அறையில் உம்மா ஒருவர் நாள் முழுக்க யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கவும் கூடும். ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973 இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாமல் போனதால் வருவது ஒன்று, நாலு பேர் பழகும் வட்டம் இல்லாமல் போனதால் வருவது இன்னொன்று. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதுக்குச் சரிவராது. கணவனை இழந்த அம்மாவைக் கூட்டத்தில் கொண்டுபோய் இருத்தினால் அந்த வெறுமை தீராது. அதேபோல, அயலையும் கோயிலடியையும் இழந்தவருக்கு அன்பான மகள் ஒருத்தி மட்டும் காணாது.

இது தெரியாமல்தான் நான் பெரிய பிழை ஒன்று விட்டேன். அப்பா போய் எட்டு மாதத்தில் அம்மாவைக் ஊரான குருக்கள்மடத்திலிருந்து டவுனில் உள்ள கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். தனி அறை, பேன், ரீவி எல்லாம் போட்டுக் கொடுத்தோம். விடிந்தால் நாங்கள் இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், பிறகு ரியூசன். ஊரில் வேலிக்கு மேலால் தலை தெரியும், கதைக்கலாம். டவுனில் மதில், கேற், அதற்குள்ளே நாய். வெங்காயம் உரிக்கலாம் என்று அம்மா குசினிக்குள் வந்தால், "நீங்க சும்மா இருங்க அம்மா, இவ்வளவு நாளும் செஞ்சது காணும்" என்போம். அன்பாகத்தான் சொன்னோம். நாலு மாதத்தில் அம்மா தலை சீவுவதை விட்டுவிட்டார். பின்னேரம் குளித்து விபூதி பூசுவதை விட்டுவிட்டார். கேட்டதற்கு, "ஆருக்காக" என்றார். அப்பாவை ஏற்கனவே இழந்திருந்தவரிடமிருந்து அயலையும் அடுப்பையும் நானே பறித்துவிட்டிருந்தேன்.

இப்போது அம்மா ஊரில் தன் வீட்டில்தான் இருக்கிறார். இரவில் பெரியம்மாவின் பேத்தி வந்து படுக்கிறாள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. எல்லோருக்கும் இது சரிவரும் என்று சொல்லமாட்டேன். விழுந்து எழும்புகிற நிலையில் இருப்பவரையும், அடுப்பை மூட்டிவிட்டு மறக்கிறவரையும் தனியே விட முடியாது. ஆனால் "தனியா இருக்கிறா, பாவம், கூட்டிக்கொண்டு வருவம்" என்று முடிவெடுக்கும் முன், அங்கே அவரை எத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இங்கே எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எப்படிக் கேட்பது

"தனிமையா இருக்கா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொன்னது போலாகிவிடும் என்ற பயம். "எனக்கென்ன குறை, நீங்க நல்லா இருந்தாக் காணும்" என்றுதான் பதில் வரும். அதனால் சுற்றி வளைத்துக் கேளுங்கள். நேற்று யார் வந்தார்கள்? கடைசியாக எந்த வீட்டுக்குப் போனீர்கள்? ஏதும் ஒரு புதினம் தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு அம்மா யோசித்துக்கொண்டே இருந்தார் என்றால் அதுதான் உங்களுக்கான பதில். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மிகச் சிறிய அளவுகோலிலும் மூன்றே கேள்விகள்தான்: துணை இல்லை என்று தோன்றுகிறதா, ஒதுக்கி வைக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனதாகத் தோன்றுகிறதா. ஒவ்வொன்றும் அரிதாகவா, சில நேரமா, அடிக்கடியா என்று கேட்பார்கள்.

சொல்லாத அடையாளங்களும் உண்டு. காலையில் ஒரு தரம் சமைத்ததை இரவு வரைக்கும் தின்பது, பிறகு அதுவும் இல்லாமல் தேத்தண்ணீரும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுவது. விடிந்ததிலிருந்து ரீவி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் என்ன நாடகம் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் ஒரு புது இடத்தில் நோவு. போன் ஒரு தரம் அடித்தவுடனேயே எடுத்துவிடுவது, அல்லது அடிக்க அடிக்க எடுக்காமலே விடுவது.

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி "மருந்து ஒழுங்கா போடுறாவா?" என்று மட்டும்தான் கேட்பான். அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 148 ஆய்வுகளை 2010 இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஆட்களோடு உறவு வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. சீனி வருத்தத்துக்குப் போடும் மெற்போமின் குளிசைக்குக் கொடுக்கும் கவனத்தை மண்டூர் அக்காவுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

காதும் கண்ணும் பல்லும் மூத்திரமும்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள், ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான். அம்மா சபையில் கதைக்காமல் ஒதுங்குகிறார் என்றால் மனம் விட்டுப்போய்விட்டது என்று உடனே முடிவெடுக்காதீர்கள். காது கேட்காமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்று தலையாட்டுகிறாரா, கேட்ட கேள்விக்கு வேறு பதில் வருகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள். வயதோடு முதலில் போவது கீச்சான ஒலிகள், அதனால் பேரப்பிள்ளைகளின் குரல்தான் முதலில் விளங்காமல் போகும். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? கத்திக் கதைத்தால் இன்னும் குழம்பும், கோபத்தில் கத்துவதாகவும் தோன்றும். ரீவியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே கதிரையைப் போட்டு இருந்து, சற்றுத் தாழ்ந்த குரலில் மெதுவாகக் கதையுங்கள். காதுக் குடுமி (குறும்பி) அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டாலே சிலருக்குத் தெளிந்துவிடும், ஆனால் வீட்டில் குச்சியால் தோண்டாமல் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

கண் மங்கினால் பின்னேரத்துக்குப் பிறகு வெளியே இறங்கமாட்டார்கள். வெண்புரை சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் செலவில்லாமல் செய்கிறார்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பல் போனவர்கள் கலியாண வீட்டுப் பந்தியில் இருக்க வெட்கப்படுவார்கள், அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

மூத்திரம் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் சொல்கிறேன். நிறையப் பெண்கள் கோயிலுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போகாமல் விடுவது அடக்க முடியாது என்ற பயத்தில்தான். பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகள் மூத்திரத்தைக் கூட்டும். பயண நாளில் அதை எந்த நேரத்தில் போடலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் போன உடனே முதல் வேலையாக மலசலகூடம் எங்கே என்று பார்த்து, அதில் படி எவ்வளவு உயரம், குந்தி எழும்ப முடியுமா என்று பார்த்துவிட்டு அம்மாவின் காதில் சொல்லிவிடுங்கள். முகத்தில் ஒரு நிம்மதி வரும், அதை நீங்களே பார்ப்பீர்கள்.

வேலை கொடுங்கள், உண்மையான வேலை

உலக சுகாதார நிறுவனம் முதியோரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 24 கேள்விகள் கொண்ட ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. ஆறு பகுதிகள். கண் காது போன்ற புலன்கள், தன் முடிவைத் தானே எடுக்கும் சுதந்திரம், செய்ததும் இனிச் செய்யப்போவதும், நாலு பேரோடு கலந்துகொள்வது, சாவைப் பற்றிய எண்ணம், நெருக்கம். நல்ல சாப்பாடு, தனி அறை, ரீவி என்று நாங்கள் கல்லடியில் பட்டியல் போட்டுக் கொடுத்த ஒன்றும் இதில் இல்லை. தன் முடிவைத் தானே எடுப்பது இருக்கிறது, அதைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம்.

அம்மாவை ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டபோது நான் செய்த ஒரு காரியம் நன்றாகப் பலித்தது. புதன்கிழமை தோறும் எங்களுக்குக் கறித்தூள் வறுத்து இடித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கடைத்தூள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றேன், அது உண்மைதான். முதல் கிழமை முனகினார். இரண்டாம் கிழமை மல்லி நல்லதாக இல்லை என்று கடைக்காரத் தம்பியோடு சண்டை. மூன்றாம் கிழமை என் அலுவலகத்தில் இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அம்மா விலை சொன்னார், கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். இப்போது செவ்வாய் இரவே மிளகாயைக் காம்பு ஆய்ந்து சுளகில் பரப்பி வைத்துவிடுவார், காலையில் பெரிய தாச்சியில் மல்லியை முதலில் போட்டு, வாசம் மாறும் இடத்தில் இறக்கி, "இந்தா இப்ப, இதுக்கு மேல விட்டாக் கசக்கும்" என்று இரவில் படுக்க வரும் அந்தப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கிறார். நோவு எல்லாம் புதன்கிழமைகளில் எங்கேயோ போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த வேலை நடக்காவிட்டால் யாருக்காவது குறை தெரிய வேண்டும். பொழுது போகட்டும் என்று கொடுக்கும் வேலையை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணகி அம்மன் கோயில் சடங்கு வைகாசியில் வரும், குளிர்த்திப் பாட்டு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஆச்சிமாரும் அப்புமாரும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அதைச் சரியாகப் படித்துக்கொள்ள இளம் ஆட்கள் வேண்டியிருக்கிறது. கூத்தில் ஆடியவர் என்றால் வடமோடித் தாளக்கட்டு ஒன்றைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், போனில் பதியுங்கள், பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். பன்பாய் இழைத்தவர் இருப்பார், மருதமுனைப் பக்கம் தறியில் இருந்தவர் இருப்பார், வயல் காலநிலையை வானத்தைப் பார்த்தே சொல்பவர் இருப்பார். ஒன்றும் இல்லாவிட்டாலும் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறது, அந்தத் தாய்க்கும் அது பெரிய உதவி.

சின்ன முடிவுகளையும் திரும்பக் கொடுங்கள். இன்றைக்கு என்ன கறி, எந்தச் சாரி, பென்சன் காசில் யாருக்கு எவ்வளவு. காசு அவர் கையில் இருக்கட்டும். பேரப்பிள்ளைக்கு நூறு ரூபா கொடுக்கவும் மகளிடம் கேட்க வேண்டும் என்ற நிலை ஒருவரை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்று யோசியுங்கள்.

போன்

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் ஒரே வழி, அதனால் சரியாகச் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிட, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் நல்லது. நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அப்போதுதான் அது எதிர்பார்ப்பு. சுவிஸில் கோடையில் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால், குளிர் காலத்தில் நாலரை. கட்டாரிலிருப்பவருக்கு இரண்டரை. நேரம் மாறும் போது அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க என்ன நடந்ததோ என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, வேற என்ன" என்று மூன்று கேள்வியில் முடியும் அழைப்பு இருவருக்குமே பாரம். கேட்டு எடுக்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி இப்போது சனிக்கிழமை பின்னேரம் வீடியோவைப் போட்டுப் போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு மீன் குழம்பு வைக்கிறான். அம்மா இங்கே விறாந்தையில் இருந்துகொண்டு, "புளி காணாது. காணாதெண்டு நிறத்திலேயே தெரியுது. கொதிக்க விடு, இப்ப அகப்பையப் போடாத, மீன் உடையும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடம் போவது தெரியாது. அவனும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராவிட்டால் அவர்களிடம் "கதை, கதை" என்று தள்ளாதீர்கள். படம் கீறிக் காட்டட்டும், பாட்டுப் படிக்கட்டும், அப்பம்மா சிரிக்கட்டும், போதும்.

போனை அமைத்துக் கொடுக்கும் விதமும் இருக்கிறது. வட்ஸ்அப்போ இமோவோ ஒன்று மட்டும் போதும், மற்றதெல்லாம் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருடைய முகப்படத்தையும் முதல் திரையிலேயே வையுங்கள், தொட்டால் அழைப்பு போக வேண்டும். எழுத்துச் செய்தி வேண்டாம், குரல் செய்தி அனுப்புங்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சார்ஜர் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். டேட்டா முடிந்தால் யார் ரீலோட் பண்ணுவது என்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கி என்று சொல்லிக் கேட்டாலும், சொல்லக்கூடாது என்று பல தடவை சொல்லிவையுங்கள்.

அம்மாவின் தனிமையும் அப்பாவின் தனிமையும் வேறு

நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். மகள் கலியாணம் முடித்ததும் பெற்றோர் வளவின் ஒரு பக்கத்தில் சின்ன வீடு கட்டி ஒதுங்குவார்கள், அல்லது கடைசி மகளோடு இருப்பார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. இதில் ஒரு நன்மை இருக்கிறது, வயதான தாய் தன் மகள்மாருக்கும் சகோதரிமாருக்கும் நடுவில்தான் இருப்பார். ஆனால் மனைவியை இழந்த ஆண், ஒரு காலத்தில் தான் கட்டிய வீட்டிலேயே, இப்போது மருமகனின் வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார். குசினிப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. அயலில் எல்லா உறவும் மனைவி மூலமாக வந்தது, அவரோடு அறுந்துவிட்டது. அப்பாமாரிடம் "மனசு எப்படி இருக்கு" என்று முகத்துக்கு நேரே கேட்டால் எழும்பிப் போய்விடுவார்கள். பக்கத்தில் இருந்து ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டு கேளுங்கள், வலை பொத்தும்போது, வேலி கட்டும்போது, சைக்கிள் துடைக்கும்போது. பின்னேரம் நாலு பேர் சேர்ந்து முந்நூற்றி நாலு என்ற சீட்டு விளையாடும் மர நிழல் ஒன்று ஊரில் இருந்தால் அங்கே அவரைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் யாருடைய பொறுப்பு என்று மட்டும் தீர்மானியுங்கள். பழக்கம் பிடித்துவிட்டால் பிறகு அவரே போவார்.

அம்மாமார் விஷயத்தில் இன்னொன்று. கணவனை இழந்தவர்கள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்ற எண்ணத்தில் தாங்களாகவே பின்னால் போய் நிற்பார்கள், சிலவேளை வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். அழைப்பிதழைக் கொடுத்து "வாங்க" என்றால் காணாது. என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அம்மா பின் விறாந்தையில்தான் இருந்தார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து குத்துவிளக்கைக் கொளுத்தச் சொன்னேன். ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அம்மாவின் கை நடுங்கியது, ஆனால் கொளுத்தினார். இதை வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும், வேறு யாரும் செய்ய முடியாது.

இழந்தவர்களைப் பற்றிக் கதைக்க விடுங்கள்

இந்த மண்ணில் எழுபதைத் தாண்டிய ஒருவர் 1978 சூறாவளியைப் பார்த்தவர், 2009 வரை நீண்ட போரைப் பார்த்தவர், 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவர். கடற்கரையில் குடியிருந்தவர்களைத் திராய்மடு போன்ற இடங்களில் குடியேற்றியபோது வீடு கிடைத்தது, ஆனால் வேலிக்கு மறுபக்கம் நாற்பது வருடமாக இருந்த ஆள் இல்லாமல் போய்விட்டார். காணாமல் போன மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய் இருக்கிறார். இவர்களிடம் "பழசையெல்லாம் மறந்திடுங்க" என்று சொல்லாதீர்கள். அது சும்மா இருங்க என்பதைவிடப் பெரிய காயம். அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் இடம் இருக்க வேண்டும். நீங்களாகவே கேளுங்கள், அண்ணாவுக்கு என்ன கறி பிடிக்கும், சின்னதில் எப்படிக் குழப்படி செய்வான். அழுவார்கள். அழட்டும், பக்கத்தில் இருங்கள். நினைவு நாளில் தீர்த்தக் கரைக்கோ கல்லறைக்கோ தனியே போக விடாமல் கூடப் போங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் அந்த ஒரு நாளைக்காகத்தான் வருடம் முழுக்க இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இது தனிமையைவிடப் பெரிதாகத் தெரிந்தால்

இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, விருப்பமானவற்றிலும் நாட்டம் இல்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வைத்தியம் இருக்கிறது. மறதி கூடுதலாக இருந்தாலும் அப்படித்தான், காட்ட வேண்டும். "நான் போய்ச் சேந்தா எல்லாருக்கும் நல்லது" என்று சொல்வதை வழமையான பேச்சு என்று தள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "ஏதாவது செஞ்சுகொள்ள யோசிக்கிறீங்களா அம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஓம் என்றால் தனியே விடாதீர்கள், வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியையும் மருந்துப் பெட்டியையும் வீட்டை விட்டே எடுத்துவிட்டு அன்றைக்கே பக்கத்திலுள்ள பெரிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, காசு இல்லை.

அலுவலக விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 வயது முடிந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், கிராம சேவகரிடம் கேட்டால் வழி சொல்வார். வரிசையில் முன்னுரிமைக்கு உதவும். கிராம மட்டத்தில் முதியோர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் முதல் இரண்டு கூட்டத்துக்கு நீங்களும் கூடப் போங்கள், தனியே அனுப்பினால் திரும்பி வந்துவிடுவார்கள். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக்கூடாது என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம்.

அப்புறம், கூட இருந்து பார்க்கிற மகளை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற அண்ணன் தம்பிமார் அம்மாவோடு கதைத்து முடித்ததும் போனை வைக்காமல், "அக்கா, நீ எப்படி இருக்கிறாய், போன கிழமை நித்திரை கொண்டியா?" என்று கேளுங்கள். வருடத்தில் இரண்டு கிழமையாவது அவள் எங்கேயாவது போய்வர வேறொருவர் வந்து நிற்க ஏற்பாடு பண்ணுங்கள்.

போகும்போது

பார்க்கப் போவதைவிட விட்டுவிட்டு வருவதுதான் கஷ்டம். "போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லாமல் நாளைச் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் அம்மாவின் கையாலேயே அந்த நாளை வட்டம் போடச் சொல்லுங்கள். முன்பு எங்கள் வீட்டுக் கலண்டரில் கிளினிக் நாள் மட்டும்தான் வட்டம் போட்டிருக்கும். வட்டம் போட்ட நாளில் கட்டாயம் போங்கள். போக முடியாது என்று தெரிந்தால் முதல் நாள் பின்னேரத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு மத்தியானம் சொல்லாதீர்கள். ஏனென்றால் விடியப்புறமே வாவிக்கரைக்கு ஆள் அனுப்பி இறால் வாங்கி, உரித்து, உங்களுக்குப் பிடித்த மாதிரி முருங்கைக்காய் போட்டுச் சமைத்து மூடி வைத்திருப்பார்கள், நீங்கள் வந்து திறக்கும் வரைக்கும் அதைத் தொடமாட்டார்கள்.